அப்பாவின் ஐந்தாம் நிலை: அம்மாப்பேட்டைக் குறிப்புகள்

ஜூலை 14, 2025

மருத்துவர் இன்று சீட்டில் ‘நிலை 5’ என்று எழுதினார். பார்க்கின்சன் நோய்க்கு ஹோயன் (Hoehn), யார் (Yahr) என்ற இரு மருத்துவர்கள் 1967இல் வகுத்த அளவுகோல் அது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் என்றால் முதல் நிலை, இரு பக்கமும் என்றால் இரண்டு. நிற்கையில் தடுமாற்றம் வந்தால் மூன்று. கஷ்டப்பட்டாவது தானாக நிற்க முடிகிறவரை நான்கு. அப்புறம் சக்கர நாற்காலி, படுக்கை.

தறியில் அறுந்த பாவு இழையை நொடியில் முடிகிறவர் அப்பா. அந்த வலக்கை விரல்கள் மந்தமானபோதுதான் எங்களுக்கு முதலில் சந்தேகம் வந்தது. இப்போது புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும். ஆனால் இந்த அளவுகோல் நடமாட்டத்தை மட்டுமே பார்க்கிறது. விழுங்குவது, மலச்சிக்கல், தூக்கம், குழப்பம் எதுவும் அதில் இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நாள் முழுக்க வேலை அவற்றோடுதான்.

ஜூலை 19

இந்த நோய்க்கு முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பருப்பு, பால், முட்டையில் உள்ள புரதம் மருந்து உள்ளே போவதைத் தடுக்கிறது. நேரம் தப்பினால் உடம்பு இறுகிவிடும். திடீரென்று அடியோடு நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

பக்கத்து வீட்டு அக்கா பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கச் சொன்னார். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. அதனால்தான் மருத்துவரைக் கேட்காமல் தர மாட்டேன் என்றேன். மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அளவு எகிறிவிடும்.

ஜூலை 26

எனக்குப் பெரிய பயம் புரை ஏறுவதுதான். உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவது, கடைசிக் கட்டத்தில் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. இருமலே இல்லாமலும் உள்ளே போகும். சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் உஷாராக வேண்டும்.

நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியால் கொடுக்கிறேன். ரசமும் தண்ணீரும் புரை ஏறுகின்றன, கெட்டிக் கஞ்சி இறங்குகிறது. இருமல் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், வற்புறுத்துவதில்லை. சாப்பிட்ட பின் அரை மணியாவது படுக்கவைப்பதில்லை. இரவிலும் பகலிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவும் நானும் மாறி மாறித் திருப்பிப் படுக்கவைக்கிறோம். படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆற்றுவது பெரும்பாடு.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. தெருவில் பாதிப் பேர் மேட்டூர் போய்விட்டார்கள். காலையில் அப்பா, “தறிக்குழியில குழந்தைங்க உட்கார்ந்திருக்கு பாரு கண்ணு” என்றார். தறியைப் பிரித்து வருஷக்கணக்காகிறது. இல்லை என்று வாதாடவில்லை. கையைப் பிடித்து, விளக்கைப் போட்டேன். இப்படிக் குழப்பம் திடீரென்று கூடினால் முதலில் சிறுநீர்த் தொற்றைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மாலையில் பரிசோதனைக்குக் கொடுத்தோம்.

குழப்பத்தை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் ஊசியும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் இந்த நோயாளிகளுக்கு ஆகாது; விறைப்பைக் கூட்டிவிடும். அவசரத்தில் யாரும் போட்டுவிடாதபடி கோப்பின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். இந்த நோயாளி உள்ள எல்லா வீட்டிலும் எழுதிவையுங்கள்.

ஆகஸ்ட் 6

தொற்றுதான். மருந்து தொடங்கியதும் குழப்பம் குறைந்தது. இன்று அவரே, “மூக்குல குழாய் வேண்டாம் கண்ணு” என்றார். விழுங்க முடியாமல் போனால் மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாயைச் சொல்கிறார். அண்ணன் தொலைபேசியில் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு வருகிறார். அவர் முன்னாலேயே அப்பாவிடம் மறுபடி கேட்க வேண்டும், காலை மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து. அப்போதுதான் பேச்சு தெளிவாக வரும்.