முழந்தாள் மெத்தையில் அந்து விழுந்தால்

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தில், மண்டியிட்டு வேண்டுபவர்கள் முழந்தாளுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் கம்பளி எம்பிராய்டரி மெத்தைகள் கடையில் வாங்கியவை அல்ல. 1931-இல் லூயிசா பெசல் என்ற தையல் வல்லுநரின் தலைமையில் தன்னார்வலர்கள் கூடி, கான்வாஸின் ஒவ்வொரு கண்ணையும் எண்ணி எண்ணித் தைத்தார்கள். வேலை 1936 வரை நீண்டது. பேராலய நண்பர்கள் சங்கம் தொடங்கியதும் அதே 1931-இல்தான்.

தூணையும் விதானத்தையும் அண்ணாந்து பார்க்கிறவர்களின் கண்ணில் காலடியில் கிடக்கும் மெத்தை படுவதில்லை. ஆனால் கல்லைவிட வேகமாக அழிவது அதுதான். இந்தப் பேராலயம் நிற்பது சதுப்பு நிலத்தில். அடித்தளம் அமிழத் தொடங்கியதால் 1906 முதல் 1911 வரை வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பாளர் இருண்ட தண்ணீருக்குள் இறங்கி, கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். நிலவறையில் இன்றும் குளிர்காலத்தில் தண்ணீர் ஏறுகிறது. இப்படி ஈரமும் இருட்டும் சேர்ந்த பழைய ஆலயங்களில், யாரும் தொடாத மூலையில் கிடக்கும் கம்பளி அந்துப்பூச்சிக்கு ஏற்ற இடம்.

கம்பளியைத் தின்பது பூச்சி அல்ல, புழு. மெத்தையைப் புரட்டி, ஓரத் தையலையும் அடிப்பக்க மடிப்பையும் விரித்துப் பாருங்கள். வெள்ளை நூலாம்படை போன்ற கூடு, மணல் போன்ற எச்சம், ஓரிரு தையல் மட்டும் காணாமல் போய் வெளியே தெரியும் கான்வாஸ் என்று மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த மெத்தையை உடனே பாலித்தீன் பையில் போட்டு மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். பெண் பூச்சியின் வாசனைப்பொருள் வைத்த பசைப் பொறியில் ஆண் பூச்சிதான் மாட்டும். எந்த மூலையில் தொல்லை அதிகம் என்று அது காட்டும், பூச்சியை ஒழிக்காது.

ஒழிக்க உறைகுளிர் நல்ல வழி. பைக்குள் இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக ஒட்டி, மைனஸ் 30 டிகிரியில் 3 நாள் வைக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 என்றால் 2 வாரம். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான்: ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பையைப் பிரித்துவிடுகிறார்கள். குளிர்ந்த கம்பளியில் அறைக்காற்றின் ஈரம் படிந்து, சாயம் கசியக்கூடும். ஒரு முழு நாள் பையோடு அப்படியே கிடக்கட்டும். தோலோ மரச்சட்டமோ சேர்ந்த மெத்தையாக இருந்தால் துணிப் பாதுகாப்பு நிபுணரைக் கேட்காமல் உறைய வைக்கவே கூடாது.

தூசி எடுக்க வாக்யூம் கிளீனரைக் குறைந்த உறிஞ்சலில் வைத்து, முனையில் நைலான் வலையைக் கட்டிக்கொள்ளுங்கள். முனை துணியைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலேயே நகரட்டும். தேய்த்தால் நைந்த நூல் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தண்ணீரில் அலசும் பேச்சே வேண்டாம். உள்ளே அடைத்திருப்பது நீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் காயாது, கம்பளியும் சுருங்கும்.

விட்டுப்போன தையலை நிரப்புவது தேர்ந்த கைக்கு உரிய வேலை. புதுக் கம்பளி நூலை, மங்கிய மேல்பக்கத்தோடு பகல் வெளிச்சத்தில் வைத்து நிறம் பார்க்க வேண்டும்; மெத்தையின் அடிப்பக்கத்தில் பழைய நிறம் அடர்ந்தே இருப்பதால் அதோடு ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். இழுத்துத் தைத்தால் நைந்த கான்வாஸ் கிழியும். பயன்படுத்திய நூலில் ஒரு சாண் துண்டை அட்டையில் சுற்றி, தேதியும் மெத்தையின் எண்ணும் எழுதி வையுங்கள். பத்து வருடம் போனால் எது பழைய தையல், எது நாம் போட்டது என்று கண்ணால் பிரிக்க முடியாது.