ஆடிக்கு முன் திறந்த கட்டடம்

6 ஜூலை 2025, ஞாயிறு

ஒழுங்கை முனைக் கட்டடத்தைப் போர்த்தியிருந்த பச்சை வலையை இன்று காலை கழற்றினார்கள். 2022இல் சீமெந்தும் டீசலும் இல்லாமல் பாதியில் நின்றுபோன வேலை அது. இனி எழும்பாது என்று எல்லாரும் கைவிட்டிருந்தோம். எழும்பிவிட்டது. கீழே மூன்று தளங்களில் கடைகள், அதற்கு மேல் வீடுகள். கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றும் புதினமில்லை. காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் முற்றம் வைத்த தனி வீடு மிஞ்சியிருந்தால் அதுதான் புதினம். ஆனால் குளிரூட்டிய கடைத்தொகுதி ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே வந்து உட்காருவது இதுதான் முதல் தடவை.

எனக்கு இது தையல் பருவம். கனடாவில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. லண்டன்காரர் மாத முடிவில் வருவார்கள். வந்து இறங்கியதும் சேலை வாங்குகிறார்கள், அன்று மாலையே பிளவுஸ் துணியோடு என் கடை வாசலில் நிற்கிறார்கள். எல்லாருக்கும் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முன் வேண்டும்.

சில்லறைக் கடை அண்ணை சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. முதல் தளத்தில் சுப்பர் மார்க்கெட் வருகிறதாம். "இனி இந்த ஒழுங்கை எங்களுடையது இல்லை, தங்கச்சி" என்றார். அவர் பிறந்தது யாழ்ப்பாணத்துப் புலோலியில்.

11 ஜூலை, வெள்ளி

நேற்று போயா, பௌர்ணமி விடுமுறை. இன்று திறப்பு விழா. ஒரு பக்கம் கண்டிய மேளம், மறுபக்கம் நாதஸ்வரம். இரண்டும் ஒன்றையொன்று முந்தப் பார்த்ததில் ஒன்றும் கேட்கவில்லை. ஒழுங்கையில் இருந்த எல்லாரும் போய்ச் சுற்றிப் பார்த்தோம். வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் முதலில் போனார்கள்.

சுப்பர் மார்க்கெட், கைபேசிக் கடை, ஆயத்த ஆடைக் கடை, குளிர்பானம் விற்கும் ஓர் இடம் ஆகியவை திறந்திருந்தன. நகைக் கடையும் சேலைக் கடையும் மட்டும் மூடிக் கிடந்தன. இரண்டும் தமிழருடையவை. கட்டடத்தின் முகாமையாளர் ஓர் இளம் சிங்களப் பையன். அவன் என்னிடம் வந்து, முதலாம் திகதியிலிருந்து வாடகை ஓடுகிறதே, இவர்கள் ஏன் திறக்கவில்லை என்று கேட்டான். ஆடி வருகிறது, புதுக் கடைக்கு ஆகாத மாதம், ஆவணியில்தான் பால் காய்ச்சுவார்கள் என்று என் சிங்களத்தில் விளக்கினேன். "நாங்களும் நெகத், நல்ல நேரம், பார்ப்போம் அக்கா. ஆனால் அது சில நிமிடங்கள். உங்களுக்கு ஒரு மாதம் முழுதுமா?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. நகைக் கடைக்காரர் பொறுக்காமல், ஆடி பிறக்குமுன் வரும் ஞாயிற்றுக்கிழமையே பால் காய்ச்சப்போகிறாராம். சேலைக் கடை காத்திருக்கும்.

17 ஜூலை, வியாழன்

ஆடிப்பிறப்பு. கூழும் கொழுக்கட்டையும் செய்து வழக்கமான வீடுகளுக்குக் கொடுத்தேன். புதுக் கட்டடத்தில் ஒரு வாடிக்கைக்காரி குடிவந்திருக்கிறாள், அவளுக்கும் ஒரு தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன். வாசலில் காவலாளி மறித்தார். அடையாள அட்டை, கொப்பியில் பெயர், நேரம், எந்த வீடு, என்ன காரணம். காரணம் என்ற இடத்தில் 'கூழ்' என்று எழுதினேன்.

அவள் எடுத்திருப்பது ஏழாம் மாடி. முழங்காலில் வருத்தம் வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டேன். "நாலாம் மாடிக்குக் கீழே வாங்க எனக்குச் சட்டம் இல்லை அக்கா" என்றாள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தைப் பற்றி அவள் விளங்கிக்கொண்டது இது: வெளிநாட்டவருக்குக் காணி கிடையாது, தொடர்மாடி வீடு என்றால் நாலாம் மாடியும் அதற்கு மேலும்தான், அதுவும் முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வந்தால். அவளிடம் இருப்பது கனேடியக் கடவுச்சீட்டு. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அந்தத் தடை இல்லை, ஆனால் அந்தக் கடதாசி வேலைகளுக்குப் பயந்து எடுக்கவில்லையாம்.

இவள் பிறந்தது இதே ஒழுங்கையில். 1983 ஜூலை 25, திங்கட்கிழமை, தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீடு எரிந்தபோது வயது ஒன்பது. பல்கனிக்குக் கூட்டிக்கொண்டுபோய் அந்த வீடு நின்ற இடத்தைக் காட்டினாள். இப்போது அங்கே வாகனத் தரிப்பிடம். நான் வந்தது 1996இல். காணி வாங்கக் காசு இருந்தால் எனக்கு எந்தத் தடையும் இல்லை.

20 ஜூலை, ஞாயிறு

மாஸ்டர் காற்சட்டை இடுப்பைச் சிறிதாக்கக் கொண்டுவந்தார். ஆண்கள் உடுப்பு நான் தொடுவதில்லை, அவருக்கு மட்டும் விதிவிலக்கு. தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து நேரே வந்தவர், புதுக் கட்டடத்தைப் பற்றி எல்லாரும் புலம்புவதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

ஹவ்லொக் வீதியில் இப்போது கோபுரங்களும் பெரிய கடைத்தொகுதியும் நிற்கும் காணி முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை. அவருடைய தகப்பனார் அங்கே கணக்குப் பகுதியில் இருந்தவர். 1933இல் அங்கே ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். இடதுசாரியான கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்றார். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம் போனார். வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூராரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது அவருடைய பிரசாரம். "அந்த மலையாளிகள் எங்கே போனார்கள் மாஸ்டர்?" என்று கேட்டேன். பலர் திரும்பிப் போய்விட்டார்கள் என்றார். போகாதவர்களின் பேரப்பிள்ளைகள் சிங்களம் பேசிக்கொண்டு இங்கேதான் எங்கோ இருக்கிறார்கள் என்றும் சொன்னார். இந்த இரண்டாவது தகவலுக்கு அவரிடம் ஆதாரம் கேட்டால் கோபிப்பார்.

காசு வாங்கவில்லை. அவர் கொடுக்கவும் இல்லை.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. விரதச் சமையல், பிறகு அரை நாள் வேலை.

அந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு ஒரு லொட்ஜ் இருந்தது. இன்று வெட்டிக்கொண்டிருந்தபோது அதுவே நினைவில் நின்றது. வடக்கிலிருந்து வெளிநாட்டுப் பயணத்துக்கு வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், பிள்ளையைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் அங்கே தங்குவார்கள். 2007 ஜூன் 7 அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிஸார் ஊருக்குத் திருப்பி அனுப்பப் பஸ்களில் ஏற்றினார்கள், 376 பேர். 'காரணமின்றி' கொழும்பில் தங்கியிருப்பதாம். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. எங்கள் முனையிலிருந்து ஏறிய ஓர் அம்மா என்னிடம் தைக்கக் கொடுத்த பாவாடைத் துணி நெடுநாள் என் அலுமாரியில் கிடந்தது.

என்னை ஒருவரும் ஏற்றவில்லை. எங்களுக்கும் அது போலவே ஆகியிருக்கலாம், நாங்கள் வந்த புதிதில். பொலிஸ் பதிவுத் துண்டு ஒரு பக்கம் இருந்தாலும், ஒவ்வொரு சோதனையிலும் யாராவது ஓர் ஊரவர் வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. எங்களுக்காகச் சொன்னவர் சில்லறைக் கடை அண்ணை. சார்ஜன்ட் கேட்டபோது, கடன் கொப்பியைத் திறந்து எங்கள் பெயரைக் காட்டி, மாதா மாதம் காசு கட்டும் ஆட்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அந்த மாதம் நாங்கள் கட்டியிருக்கவில்லை. லொட்ஜில் இருந்தவர்கள் சாப்பாட்டுக் கடையில் கைக்காசு கொடுத்துச் சாப்பிட்டவர்கள். அவர்கள் பெயர் யாருடைய கொப்பியிலும் இல்லை.

2 ஆகஸ்ட், சனி

புதியவர்கள் என்று ஒழுங்கையில் எல்லாரும் ஏசுவது ஏழாம் மாடி, எட்டாம் மாடிக்காரரை. அவர்கள் வருடத்தில் ஒரு மாதம் இருப்பார்கள், மீதி மாதங்கள் ஜன்னல் பூட்டியிருக்கும். உண்மையாகப் புதிதாக வந்தவர்கள் கடைகளில் நிற்கும் பெண் பிள்ளைகள். இவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசுவதில்லை.

ஆயத்த ஆடைக் கடையிலிருந்து ஒரு பிள்ளை சீருடைப் பாவாடையைப் பிடித்துத் தரும்படி வந்தாள். மலையகத்தில் லிந்துலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நாள் முழுக்க நின்று கணுக்கால் வீங்கியிருந்தது. வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று கடை, அலுவலகச் சட்டம் 1954இலிருந்தே சொல்கிறது. அவள் விரல் விட்டு எண்ணிக் காட்டியது அதைவிட நன்றாகக் கூடுதல். இப்போது தெகிவளையில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் படுக்கிறாள், அங்கே இனிமேல் முடியாதாம். இந்த ஒழுங்கையில் ஓர் அறை கேட்டு ஏறி இறங்கியிருக்கிறாள். கதவைத் திறந்த எல்லா அன்ரிமாரும் முதலில் கேட்டது "எந்த ஊர், பிள்ளை?" ஊரைச் சொன்னதும், அறை போன கிழமைதான் கொடுபட்டது என்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்ன ஊர் மட்டும் பிடித்திருந்தது.

பின் வீட்டு அன்ரியிடம் போனேன். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு எல்லா பிளவுஸும் நான் தைத்தது, ஆகவே என்னிடம் முகத்தைத் திருப்ப முடியாது. அறை இருக்கிறது. வாடகை, தண்ணீர், மின்சாரம், இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவது என்று எல்லாம் பேசினோம். கடைசியில், "நீர் பொறுப்பா?" என்று கேட்டார். பொறுப்பு என்றேன். அந்தப் பிள்ளையை அரை மணி நேரமாகத்தான் எனக்குத் தெரியும்.

9 ஆகஸ்ட், சனி

அண்ணையின் கடையில் அரிசியும் பால்மாவும் படுத்துவிட்டன. தேங்காய், கறிவேப்பிலை, ஒடியல் மா, வெற்றிலை எல்லாம் போகின்றன. மேல்மாடிக்காரர் தேங்காய்க்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார்கள். பையன் லிஃப்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறான், மாத முடிவில் கணக்கு. ஏசிக்கொண்டே எழுதி வைக்கிறார். மெல்பனில் இருக்கும் மகன் விற்றுவிட்டு வரச் சொல்கிறானாம்.

என் கடை வீட்டுக்காரியும் வந்து போனார். வாடகை கூடும். பேச வேண்டும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி முதலாம் திகதி. சேலைக் கடை பால் காய்ச்சித் திறந்தது. பொங்கிய பால் வடக்குப் பக்கம் வழிந்தது என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'இரண்டு நாளில் பிளவுஸ்' என்று ஒட்டியிருக்கிறார்கள். என் வயிறு கலங்கியது உண்மை.

கலங்க வேண்டியதில்லை என்று மாலையில் தெரிந்தது. அவர்களிடம் தையல்காரர் கிடையாது. முதலாளி என்னைத் தேடி வந்தார். பின் அறையில் மெஷின் போட்டுத் தருகிறாராம், மாதச் சம்பளமாம். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. வரமாட்டேன், துணியை இங்கே அனுப்புங்கள் என்றேன். லைனிங் வைத்தது 2,500 ரூபாய், அவசரம் என்றால் கூட. அவர் 1,400இல் தொடங்கினார். எங்கள் ஆட்கள் என்று விலையைக் குறைக்கச் சொல்லும்போது மட்டும் எல்லாருக்கும் ஊர் நினைவு வருகிறது. 2,200இல் நின்றோம்.

21 ஆகஸ்ட், வியாழன்

முதல் கட்டு வந்தது. அளவு எடுத்து எழுதியது அங்கே நிற்கும் ஒரு பிள்ளை, பாவம். கைச்சுற்றையும் தோளையும் மாற்றி எழுதியிருக்கிறது, முதுகு இறக்கம் இல்லவே இல்லை. அந்தத் துண்டை நம்பி வெட்டினால் ஆறு பட்டுத்துணி நாசம். கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய், ஆட்களை என்னிடம் அனுப்புங்கள், நானே அளவு எடுக்கிறேன் என்றேன். குளிரூட்டிய கடைக்கு வருகிறவர்கள் ஒழுங்கைக்குள் உங்கள் கடைக்கு நடந்து வரமாட்டார்கள் அக்கா என்றார் முதலாளி. அப்படியென்றால் துணி இங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன்.

பிற்பகல் மூன்று மணிபோல் இருவர் வந்தார்கள், குடையோடு, வியர்த்துக்கொண்டு. ஒருத்தி டொரன்டோ, மற்றவள் வத்தளை. மின்விசிறிக்குக் கீழே இருத்தி, அண்ணையின் கடையிலிருந்து சோடா எடுப்பித்தேன். லிந்துலைப் பிள்ளைக்கு மதிய ஓய்வு நேரம். அவள்தான் கொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுத்து அழகு. மற்ற நால்வர் நாளைக்கு.