வெளியே துள்ளிய பொத்தான்

டிசம்பரில் அரிசோனாவில் மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பீனிக்ஸ் அருகே விமானப் பயிற்றுநராக இருந்தபோது, மதிய நேரத்தில் என்னைத் தேடி வரும் கேள்விகளில் பாதி இதை ஒட்டியவைதான்.

அன்று மாணவர் ஒருவர் 1981-இல் தயாரான செஸ்னா 172 சிறு விமானத்தில் வின்ஸ்லோ என்ற ஊருக்குத் தனியாகப் போய்த் திரும்ப வேண்டும். புறப்படும் முன் சோதனையில் இறக்கை நுனிகளின் சிவப்பு, பச்சை விளக்குகளும் வாலின் வெள்ளை விளக்கும் எரியவில்லை. பழுதோடு பறக்கலாமா என்பதை உரிமம் பெற்ற விமானியோ மெக்கானிக்கோதான் முடிவு செய்ய வேண்டும். அவர் மாணவர் என்பதால் என்னிடம் வந்தார். வரும்போதே விடையையும் கொண்டுவந்திருந்தார்.

விடை சரியாகவே இருந்தது. பழுதான கருவியோடு பறப்பது பற்றிய அமெரிக்க விதி 91.213-ஐ வரிசையாகப் பார்த்திருந்தார். பகலில் பறக்கக் கட்டாயமான கருவிகளின் பட்டியலில் இந்த விளக்குகள் இல்லை. இரவுக்கு மட்டுமே உண்டு. விமானக் கையேட்டின் உபகரணப் பட்டியலில் கட்டாயம் என்பதற்கான ‘ஆர்’ எழுத்து இவற்றுக்கு நேரே இல்லை. இவை வேலை செய்தாக வேண்டும் என்று விமானத்தின் பறக்கும் தகுதி பற்றிய எந்த அரசு உத்தரவும் சொல்லவில்லை. விளக்குகளை முடக்கி, சுவிட்சுக்கு அருகில் ‘இயங்கவில்லை’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிட்டால் போதும். ஸ்டிக்கரைக்கூட எழுதி வைத்திருந்தார்.

“பல்பு போய்விட்டதா?” என்று கேட்டேன்.

“இல்லை, பிரேக்கர் வெளியே வந்திருந்தது. ஒருமுறை உள்ளே அழுத்திப் பார்த்தேன். மறுபடியும் துள்ளிவிட்டது.”

பிரேக்கர் என்பது மின்சாரம் அளவுக்கு மீறினால் இணைப்பைத் துண்டித்து வெளியே துள்ளும் பொத்தான். பல்பு போனால் இருள், அவ்வளவுதான். பிரேக்கர் துள்ளினால், எங்கோ ஒரு கம்பி தொடக்கூடாத இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், ‘இயங்கவில்லை’. பழுதால் ஆபத்து இல்லை என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும் என்பது அதே விதியின் கடைசி நிபந்தனை. பட்டியல்களைப் பார்த்த களைப்பில் பலர் அந்த வரியை மூச்சு விடாமல் தாண்டிவிடுவார்கள். நானும் தாண்டியிருக்கிறேன்.

2007 ஜூலையில் ஃப்ளோரிடாவின் சான்ஃபோர்டில் விழுந்த செஸ்னா 310 எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். முந்தைய நாள் அதை ஓட்டியவர் கருகல் வாசனை வந்ததும் வானிலை ரேடாரின் பிரேக்கரை இழுத்துவிட்டு, பழுதை எழுதியும் வைத்தார். சரிசெய்யாமலே விமானம் மறுநாள் கிளம்பியது. பறக்கும்போதே புகை, தீ. விமானத்தில் இருவரும் தரையில் மூவரும் இறந்தார்கள். அந்தப் பிரேக்கர் மீண்டும் உள்ளே அழுத்தப்பட்டிருக்கலாம் என்பது விசாரணையாளர்களின் கருத்து.

எங்கள் விளக்குக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு இல்லைதான். ஆனாலும் செஸ்னாவின் இறக்கைக்குள் கம்பி மட்டும் இல்லை, பெட்ரோல் தொட்டியும் இருக்கிறது. “இன்று வேண்டாம்” என்றேன். அவர் முகம் சுருங்கியது. வாடகை, விடுப்பு, தெளிந்த வானம் எல்லாம் வீண்.

மறுநாள் மெக்கானிக் இடது இறக்கை நுனியின் மூடியைக் கழற்றியபோது மாணவரும் வந்து நின்றார். தகட்டின் துளை வழியாகக் கம்பி போகும் இடத்தில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அலுமினிய விளிம்பு கம்பியின் உறையை அறுத்து, உள்ளே செம்பு மின்னியது. விளிம்பில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தபடி, “பிரேக்கரை வெளியிலேயே விட்டிருந்தால் இதில் மின்சாரமே வந்திருக்காது. தாராளமாகப் போய் வந்திருக்கலாம்” என்றார். அவர் சொன்னது சரிதான். மாணவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருமுறை இல்லை, மூன்று முறை அழுத்தினேன்” என்றார்.