எலுமிச்சம்பழமும் ஒரு வளையலும்

சனிக்கிழமைகளில் காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டுவது வழக்கம். அதை நம்பி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருடன் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் கிளம்பினேன். காலாண்டுத் தேர்வு முடிந்திருந்த நேரம். காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையில் வானம் தெளிந்திருப்பது ஆண்டின் முதல் சில மாதங்களில்தான். அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்து, பஸ் வாடகை என்று ஒரு மாதம் அலைந்தவனுக்கு, மழைக்காலம் என்பது மட்டும் தோன்றவில்லை. அறிவியல் ஆசிரியன் வேறு!

பகலில் குறையொன்றும் இல்லை. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் கீழே நின்றபோது, வகுப்பில் ஓயாமல் பேசுகிறவர்களும் வாயடைத்துப் போனார்கள். ஆனால் அதில் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை, கருவிகள்தான் பதிவு செய்கின்றன என்று அறிந்ததும் முகங்கள் சுருங்கின. "அப்படியானால் இவ்வளவு பெரியது எதற்கு சார்?" என்றான் ஒருவன். கண்ணாடி பெரிதானால் சேரும் ஒளி அதிகம் என்றேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற பதில்தான். அவன் தலையாட்டினான், நம்பவில்லை.

இருட்டியதும் மேகம் கவிந்தது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. எட்டு மணிக்கு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். நேரத்தைப் போக்க யுரேனஸ் கதையைத் தொடங்கினேன். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு நகரவிருந்தது. இதே காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியுடன் காத்திருந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திர ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. அன்று விமானத்தில் பறந்தபடி ஆராய்ந்த அமெரிக்கர்களுக்கு, கோளுக்கு முன்னும் பின்னும் சம தொலைவுகளில் ஒளி மங்கியது தெரிந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் வெளிப்பட்டது.

"வளையத்தைப் பார்க்கவே இல்லையா சார்?"

கேட்டது பின் இருக்கைப் பெண். வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. பதில் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டு, அவளுடைய பிளாஸ்டிக் வளையலைக் கேட்டேன். பஸ்ஸின் முன்கண்ணாடியில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை, டிரைவரிடம் கெஞ்சி வாங்கினேன். பஸ் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியைப் பழத்தில் குத்தி, அதன் இரு முனைகளையும் வளையலில் நூலால் கட்டினார்கள். கைபேசி விளக்கைத் தாளால் மூடி, கவராய முனையால் ஒரு துளை போட்டோம். அதுதான் நட்சத்திரம். ஈர்க்குச்சி நிமிர்ந்திருக்கும்படி பிடித்து ஒருத்தி மெல்ல நகர்த்த, மற்றவர்கள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். துளை கண் சிமிட்டியது, எரிந்தது, பழத்தின் பின்னால் நெடுநேரம் அணைந்தது, எரிந்தது, மறுபடி சிமிட்டியது.

பஸ்ஸுக்குள் எழுந்த கூச்சலைக் கேட்டு, வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த டிரைவரே உள்ளே வந்து தன் முறைக்கு நின்றார்.

'யுரேனஸுக்கு ______ உண்டு' என்று கோடிட்ட இடம் நிரப்பவைத்தே பதினைந்து ஆண்டுகள் கழித்திருக்கிறேன். அதைப் பதிவு செய்த மலை நம் பழைய வடார்க்காட்டு மலை, இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்பதை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. எனக்கே தாமதமாகத் தெரிந்த செய்தி அது. தெரிந்த பிறகும் 'தேர்வுக்கு வராது' என்று ஒதுக்கிவைத்திருந்தேன்.

அறிக்கையில் 'பார்வையிட்டவை' என்ற கட்டத்தில் தொலைநோக்கிகளின் பெயர்களை எழுதினேன். எலுமிச்சம்பழத்துக்கு அதில் இடமில்லை. பிள்ளைகளின் கட்டுரைகளில் அது இருந்தது. ஒருவன் மட்டும், 'நான் கண்டது: மேகம்' என்று ஒரே வரியில் முடித்திருந்தான். அவனுக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

மலை இறங்குமுன் டிரைவர் பழத்தைத் திருப்பிக் கேட்டார். ஈர்க்குச்சியை உருவிவிட்டு, ஓட்டையோடு அதே இடத்தில் கட்டினார்.