பழைய பதிவுகளைத் தூசி தட்டுகிறேன்: அல்சூர் குறிப்புகள்

நவம்பர் 2, 2025, ஞாயிறு

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு எப்படிப் போவது என்று என் வலைப்பதிவில் 2012-ல் எழுதியதை இன்றும் ஆட்கள் தேடி வந்து படிக்கிறார்கள். எந்தத் தேடலில் எத்தனை பேர் நம் தளத்துக்கு வந்தார்கள் என்று சொல்லும் கூகுள் சர்ச் கன்சோல் அப்படித்தான் காட்டுகிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தப் பதிவின்படி பெங்களூரில் மெட்ரோ என்றால் எம்.ஜி. ரோட்டிலிருந்து பையப்பனஹள்ளி வரை ஓடும் துண்டு வண்டி மட்டும்தான். மற்றபடி மெஜஸ்டிக்கில் இறங்கி பஸ் பிடி என்று எழுதியிருக்கிறேன். அப்போதைக்கு அது சரி. தர்மபுரியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ முதல் வேலைக்கு வரும் பிள்ளை இன்றைக்கு அதை நம்பினால், பெட்டியும் கையுமாக சில்க் போர்டு நெரிசலில் நிற்க வேண்டியதுதான்.

கன்சோலில் 16 மாதக் கணக்கு இருக்கும். கடைசி மூன்று மாதத்தைப் போன வருஷத்து அதே மூன்று மாதத்தோடு வைத்துப் பார்த்தேன். தேடலில் முன்பு போலவே தென்பட்டும் கிளிக் மட்டும் சரிந்த பதிவுகள் சில. முதல் பக்கத்தின் அடியிலோ இரண்டாம் பக்கத்தின் தலையிலோ தொங்கிக்கொண்டிருப்பவை சில. முதலில் கை வைக்க வேண்டியது இவற்றில்தான். யாரும் தேடாத விஷயத்துக்கு எத்தனை பூச்சு பூசினாலும் யாரும் வரப்போவதில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அக்கா மகன் வந்திருந்தான். கோரமங்களாவில், தளங்களைக் கூகுள் தேடலில் மேலே கொண்டுவரும் தொழிலில்தான் இருக்கிறான்.

"மாமா, இதுக்கு எதுக்கு இவ்ளோ மெனக்கெடுறீங்க? தேதியை மாத்திட்டு தலைப்புல 2025-னு போடுங்க. போதும்."

மாவு பாக்கெட்டில் தேதி ஸ்டிக்கரை மட்டும் மாற்றி ஒட்டுகிற வேலை இது. கூகுளே தன் வழிகாட்டுதலில், உள்ளே பெரிதாக ஒன்றும் மாறாமல் புதிது போலக் காட்டுவதற்காகத் தேதியை மாற்றுகிறீர்களா என்று கேட்கிறது. இத்தனை வார்த்தை இருந்தால்தான் மேலே வரும் என்று ஒரு கணக்கும் இல்லை என்கிறது. பக்கத்தின் நிரலில் ஒளித்து எழுதும் தேடல் சொற்களை, அதாவது மெட்டா கீவேர்டை, தேடல் வரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "கிளையன்ட் கேக்குறான் மாமா" என்றான். சரி, அவன் பிழைப்பு அது.

நவம்பர் 8, சனி

நேரில் போய்ப் பார்க்காமல் எழுதினால் மற்ற பத்துப் பேர் எழுதியதன் நகலாகத்தான் இருக்கும். காலையிலேயே கிளம்பிவிட்டேன். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் லைன். பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் சொச்சம், 16 நிலையங்கள். ஆகஸ்ட்டில்தான் திறந்தார்கள். சில்க் போர்டு சந்திப்பை மேலிருந்து பார்த்துக்கொண்டே கடப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

பழைய பதிவில் இல்லாத ஒரு விஷயம் கிடைத்தது. எலெக்ட்ரானிக் சிட்டி என்று டிக்கெட் எடுத்த பலருக்கு உண்மையில் இறங்க வேண்டிய இடம் அதற்கு அடுத்தோ முன்னோ இருக்கிறது. இன்ஃபோசிஸ் பக்கம் வேலை என்றால் கோணப்பன அக்ரஹாரா. ஓசூருக்குப் போகிறவர்கள் கடைசி வரை போய் பொம்மசந்திராவில் இறங்கி, அத்திப்பள்ளி வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். தேடுகிறவனுக்கு வேண்டியது இதுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

உட்கார்ந்து எழுதினேன். பெங்களூரின் வானிலையைப் புகழும் முதல் இரண்டு பத்திகளை வெட்டிவிட்டு, எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதை முதல் வரியிலேயே வைத்தேன். கட்டணம் கடந்த பிப்ரவரியில் ஏறியது. குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 90. வண்டி இடைவெளி, ரயில் சேரச் சேர மாறிக்கொண்டே இருக்கிறது. மாறக்கூடிய எண்களை ஒரே இடத்தில் வைத்து "நவம்பர் 2025 நிலவரம்" என்று குறித்தேன். அடுத்த முறை திருத்தும்போது பதிவு முழுக்கத் துழாவ வேண்டாம்.

பதிவின் இணைய முகவரியைத் தொடவில்லை. தமிழில் வைத்த முகவரி வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக அரை முழத்துக்கு நீளும், பார்க்க அசிங்கம்தான். இருந்தாலும் இத்தனை வருஷமாகப் பலர் இணைப்புக் கொடுத்திருக்கும் முகவரி அது.

சென்னை ரயில் பற்றி இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று சிட்டி ஸ்டேஷனை மையமாக வைத்து எழுதியது. இன்னொன்று 2022 ஜூனில் பையப்பனஹள்ளியில் விஸ்வேஸ்வரய்யா டெர்மினல் வந்த பிறகு எழுதியது. ஒரே தேடலுக்கு இரண்டும் முட்டி மோதி, இரண்டுமே மேலே வரவில்லை. ஒன்றாக்கி, பழைய முகவரிக்கு வருகிறவர்கள் தானாகவே புதியதற்குப் போகும்படி நிரந்தரமாகத் (301) திருப்பிவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறந்த நாள், 2009 ஆகஸ்ட் 9. 18 வருஷம் மூடியே கிடந்த சிலை. எடியூரப்பா உடனிருந்தார், கலைஞர் திறந்தார். அன்று எழுதிய பதிவில் 'எப்படிப் போவது, பார்க்கிங் எங்கே' எல்லாம் சேர்த்தால் நன்றாக ஓடும் என்கிறான் அக்கா மகன். ஓடலாம். ஆனால் அது அந்த நாளின் குறிப்பு. அதில் பார்க்கிங்குக்கு என்ன வேலை? உடைந்திருந்த பட இணைப்பை மட்டும் சரிசெய்தேன். தேதி 2009 என்றே இருக்கிறது. தளத்தின் பக்கங்களைக் கூகுளுக்குப் பட்டியலிட்டுக் கொடுக்கும் சைட்மேப்பிலும் மாற்றவில்லை. சும்மா சும்மா அங்கே தேதியை மாற்றினால் கூகுள் அதை நம்புவதை விட்டுவிடும். போகும் வழியைத் தனிப் பதிவாக எழுதி இங்கிருந்து ஒரு இணைப்புக் கொடுத்தால் போயிற்று.

டிசம்பர் 6, சனி

எலெக்ட்ரானிக் சிட்டி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. கோணப்பன அக்ரஹாரா என்று தேடியும் ஆட்கள் வருகிறார்கள். முன்பு அந்தப் பெயரே பதிவில் கிடையாது. ரயில் பதிவு இன்னும் அசையவில்லை. டிக்கெட் விற்கும் பெரிய தளங்கள் நிற்கிற வரிசை அது, முன்னால் போவது சிரமம்தான்.

ஜெயதேவா நிலையத்தில் பிங்க் லைன் வந்து சேரும்போது வழி மறுபடி மாறும். அதற்காக அந்தப் பத்தியைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.