இனிஷியல்

ஜூலை 3, 2025, வியாழன்

இரவு ஷிப்ட். காந்தி ரோட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். டாக்காவிலிருந்து வைத்தியத்துக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு சி ஃபார்ம் போட்டு முடித்தேன். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். பாஸ்போர்ட்டையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் டைப் அடிப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, மதியம் படித்த ஒரு கதையை விட முடியவில்லை.

அமெரிக்காவில், பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜ். 2010 ஜூன் 27. மூத்த பையனுக்கு அன்று 20 வயது முடிகிறது. அப்பா, அம்மா, இரண்டு பையன்கள் என நாலு பேரும் ஒரு இந்திய ஓட்டலில் மதியம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கதவு தட்டப்படுகிறது. பிறந்தநாளுக்கு மூத்தவனின் நண்பர்கள்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம் அம்மா. வந்தது எஃப்.பி.ஐ. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விலங்கு போட்டுக் கூட்டிப் போகிறார்கள். சின்னவனுக்கு 16 வயது.

பிள்ளைகளுக்குக் கனடாக்காரர்களாகத் தெரிந்த அந்த அப்பா அம்மா ரஷ்ய உளவாளிகள். பெயர்கூடச் சொந்தமில்லை. அப்பா வைத்திருந்தது கனடாவில் கைக்குழந்தையாகவே செத்துப்போன ஒரு பிள்ளையின் பெயர். வீட்டில் ஒரு வார்த்தை ரஷ்ய மொழி பேசியதில்லை என்கிறார்கள் பிள்ளைகள்.

அந்த 16 வயதில்தான் நான் நின்றுவிட்டேன். 2005இல் எனக்கும் 16தான்.

ஜூலை 5, சனி

பகலில் தூக்கம் வரவில்லை. 2005ஐ இதுவரை எங்கேயும் எழுதியதில்லை, எழுதிவிடுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பு சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பா இன்று நாளை என்று இழுத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, அம்மா கடைக்குப் போன நேரத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பழைய சேலைக்கு அடியில், நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டிய ஒரு காகிதம். திருமணப் பதிவுச் சான்று. போட்டோவில் இருப்பது அம்மாவும் அப்பாவும்தான், ஆனால் பெயர் இரண்டும் வேறு, ஊர் தாராபுரம் பக்கம்.

இவர்கள் உளவாளிகள் இல்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, வெட்டிவிடுவோம் என்று அரிவாளோடு தேடிய சொந்தக்காரர்களுக்குப் பயந்து, ஆளே தெரியாத வேலூருக்கு வந்து பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தவர்கள். அப்பா ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். எனக்குத் தெரிந்த அப்பா வடாற்காட்டுக்காரர், 'இன்னாடா நைனா' என்று பேசுகிறவர். அது அவர் கற்றுக்கொண்ட பேச்சு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் பழசெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. தீபாவளிக்கு ஏன் ஒருத்தரும் வரமாட்டார்கள், கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது அம்மா ஏன் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். நான் நாலாவது படிக்கும்போது அம்மாவுக்கு டைபாய்டு. காய்ச்சல் வேகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு "ஏஞ்சாமி, எங்க போறே, இங்கயே இருந்துக்கோ" என்று பேசினாள். யாரோ புகுந்து பேசுவதாக நினைத்துப் பயந்து பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட ஓடினேன். அம்மா அன்றைக்குத்தான் தன் பேச்சைப் பேசியிருக்கிறாள்.

என் இனிஷியல் மு. நியாயமாக அது செ.

ஜூலை 6, ஞாயிறு

அந்தப் பையன்கள் கதை 2010ஓடு முடியவில்லை. ஜூலை 9 அன்று வியன்னா விமான நிலையத்தில் கைதி மாற்று, அமெரிக்கா பிடித்த பத்துப் பேருக்கு ரஷ்யா விட்ட நாலு பேர். பையன்கள் அதற்கு முன்பே மாஸ்கோ போயிருந்தார்கள். பாஷை தெரியாது, புதுப் பெயர், புதுப் பாஸ்போர்ட். சின்னவன் டொரொன்டோவில் பிறந்தவன். கனடா அவன் குடியுரிமையை 2014இல் ரத்து செய்தது. அன்னிய அரசின் ஆட்களுக்குப் பிறந்தவன் என்று காரணம். அவன் விடவில்லை. 2019 டிசம்பர் 19 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அவன் பக்கம் தீர்ப்புச் சொன்னது: அங்கே பிறந்தும் குடியுரிமை இல்லை என்ற அந்த விதிவிலக்கு தூதர்கள் மாதிரிச் சட்டப் பாதுகாப்பு உள்ளவர்களின் பிள்ளைகளுக்குத்தான், இவன் பெற்றோருக்கு அது கிடையாது, எனவே இவன் கனடாக்காரன்.

20 வயதில் பறிபோனது 25 வயதில் உறுதியாகியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். என் பிறப்புச் சான்றிலும் மார்க் ஷீட்டிலும் இருக்கும் அப்பா பெயர் அவருக்குப் பெற்றவர்கள் வைத்ததில்லை. அதற்காக நான் பொய்யா? வேலூரில் பிறந்தேன், கொசப்பேட்டையில் வளர்ந்தேன், பாலாற்று மணலில் புரண்டேன். இதில் எது பொய்?

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. மூன்று மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன் அந்த 2005இல். தினமும் சாயங்காலம் என் தட்டுக்குப் பக்கத்தில் மக்கன் பேடா பொட்டலம் வைத்துவிட்டுப் போவார். ஆற்காட்டில் இறங்கி வாங்கிக்கொண்டு, வேறு பஸ் பிடித்து வருவார். நான் தொடமாட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சித் தூணுக்கு மாலை போட்டார்கள். ஸ்கூலில் சொன்னார்கள் என்று என் மகனும் வந்தான், ஒன்பதாவது படிக்கிறான். அப்படியே கோட்டைக்குள் நடந்தோம். திப்பு மகாலைக் காட்டி, 1799இல் திப்பு செத்த பிறகு அவர் பிள்ளைகளை இங்கேதான் வைத்திருந்தார்கள், 1806 ஜூலை 10 கலகத்துக்கு அப்புறம் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றேன். அதற்கும் முன்னால், 1792இலேயே இரண்டு பிள்ளைகளை வெள்ளைக்காரக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் பிணையாகக் கொடுத்திருந்தார் திப்பு.

"அந்தப் பசங்க என்னப்பா பண்ணாங்க?" என்றான்.

அகழி ஓரம் உட்கார வைத்து, போன வருஷத்துக் கதையைச் சொன்னேன். ஸ்லோவேனியாவில் அர்ஜென்டினாக்காரர்கள் என்று சொல்லி வாழ்ந்த ரஷ்ய உளவாளிகள், இரண்டு சின்னப் பிள்ளைகள். 2024 ஆகஸ்ட் 1 அன்று கைதி மாற்று நடந்து, அங்காராவிலிருந்து விமானம் கிளம்பிய பிறகுதான் தாங்கள் ரஷ்யர்கள் என்பதே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமாம். இறங்கியதும் புடின் ஸ்பானிஷில்தான் மாலை வணக்கம் சொன்னார், ரஷ்ய மொழி அவர்களுக்குத் தெரியாதே.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. வீட்டுக்குப் போகலாம் வா என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன், பையனிடம் சொல்லிவிடட்டுமா என்று. வெகு நேரம் முள்ளு கத்தரிக்காயைக் காம்பு கிள்ளிக்கொண்டே இருந்தாள். "இப்போ யாரும் வர மாட்டாங்கதானே?" என்றாள். 38 வருஷம் கழித்தும் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. வரமாட்டாங்கம்மா என்றேன். "அப்படீன்னா நீ சொல்ல வேணாம். நானே சொல்றேன்."

இன்று மதியம் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த டேப் ஒட்டிய காகிதத்தை அவன் மடியில் விரித்தாள். நான் ஷிப்டுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தே கேட்டது.

"இதாஞ்சாமி எம்பட பேரு. படி பாக்கலாம்."

காய்ச்சல் இல்லாமல் அந்தக் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறேன். சட்டைப் பட்டனைப் போடாமல் அப்படியே கதவோரம் நின்றேன். பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.