டயர் பட்டன் தேயாமலே மோட்டார்ஹோம் வழுக்குவது ஏன்?

படுக்கை, சமையல் வசதியோடு வீடு மாதிரி இருக்கும் மோட்டார்ஹோம் மழையிலோ பனியிலோ சறுக்கினால் முதலில் திட்டு வாங்குவது டயர் கம்பெனிதான். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். எஞ்சின் சுழற்றுகிற சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இறங்குகிறது, அந்த டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்ற இரண்டையும் பார்க்காமல் புது டயர் போடுவது பாதி வீண்செலவு.

முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில்தான் எடைத் தொல்லை அதிகம். பின் அச்சைத் தாண்டி நீண்டிருக்கும் உடல்பகுதி நெம்புகோல் மாதிரி வேலை செய்து முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 150 கிலோ ஸ்கூட்டரைத் தொங்கவிட்டால் முன் அச்சு 75 கிலோவை இழக்கும். பின் அச்சில் 225 கிலோ கூடும். மேடு ஏறும்போது எடை இன்னும் பின்னால் சாயும். ஈரப் புல்வெளியில் முன்சக்கரம் வெறுமனே சுற்றிக் குழி தோண்டுவது இதனால்தான். கனமான சாமான்களை முன்னுக்கு நகர்த்துங்கள். கழிவுநீர்த் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் இருந்தால் கிளம்பும் முன் உரிய இடத்தில் காலி செய்துவிடுங்கள். சின்ன மேட்டில் மாட்டிக்கொண்டால், பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாதபோது ரிவர்ஸில் ஏறிப் பாருங்கள். இழுக்கும் சக்கரம் தாழ்வான பக்கம் வருவதால் அதன் மேல் எடை கூடும். பின்சக்கர இழுவை வண்டிக்குப் பின்பாரம் பிடிப்பைத் தரும். அதற்காக அளவு மீறினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது.

அடுத்தது காற்று. டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை அப்படியே நிரப்புவது பரவலான பழக்கம். அது தேவையைவிட அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் சாலையில் அழுத்தமாகப் பதியும். சரியான வழி: தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் எடைமேடைக்குப் போய் ஒவ்வொரு அச்சையும், முடிந்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாக எடை போடுங்கள். டயர் தயாரிப்பாளரின் எடை–அழுத்த அட்டவணையில் அதிக எடையுள்ள பக்கத்துக்கு உரிய அளவைப் பார்த்து, அந்த அச்சின் எல்லா டயர்களுக்கும் அதையே வையுங்கள். மணலில் காற்றை இறக்குகிற வித்தையைப் பனிச்சாலைக்குக் கொண்டுவர வேண்டாம். இவ்வளவு கனமான வண்டியில் குறைந்த காற்றோடு ஓடினால் டயர் சூடேறி வெடிக்கலாம். மழையில் தண்ணீரை வெளியே தள்ளும் திறனும் குறையும். 80 பிஎஸ்ஐ வைத்த டயரில் வெப்பநிலை 10 டிகிரி இறங்கினாலே சுமார் 3 பிஎஸ்ஐ குறையும். ஆகவே குளிர்ப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்ததும், ஓட்டும் முன், டயர் ஆறியிருக்கும்போது மறுபடி அளக்க வேண்டும். இரட்டை டயர்களில் உள் டயரை விட்டுவிடாதீர்கள். அது காற்றிழந்து நின்றாலும் வெளியிலிருந்து தெரியாது.

டயரின் வயது தனிக் கதை. மோட்டார்ஹோம் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால் பட்டன் புதிதாகத் தெரியும், ரப்பரோ இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டில் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள்: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். 5 வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதனை. 10 வருடம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள். பட்டன் ஆழத்துக்குப் பல நாட்டுச் சட்டங்கள் சொல்லும் 1.6 மில்லிமீட்டர் மழைக்கே போதாது. மழைக்கு 3, பனிக்கு 4 வேண்டும். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். சேறு, பனி இரண்டுக்கும் என்று சொல்லும் எம்+எஸ் (M+S) எழுத்துக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் உள்ள முத்திரைதான் பனியில் சோதித்ததற்கு அடையாளம். ஐஸுக்கு அதுவும் உத்தரவாதம் இல்லை. குளிர்கால டயரை எல்லாச் சக்கரங்களுக்கும் போடுங்கள். முன்னால் மட்டும் போட்டால் வளைவில் வால் சுழன்றுவிடும்.

பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி, வண்டியை இழுக்கும் சக்கரத்துக்குத்தான். இரட்டை டயர் என்றால் ஒற்றைச் சங்கிலியை வெளி டயரில் மாட்ட வேண்டும். பிரேக் குழாயிலும் சக்கர வளைவிலும் உரசாத அளவுதானா என்பதை வண்டிக் கையேட்டில் பார்த்து வாங்கி, காய்ந்த தரையில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டர்தான் உச்சம், சங்கிலிப் பெட்டியில் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

வழுக்கும் சாலையில், வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலையும், எஞ்சின் புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் அணைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் இழுக்கும் சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்துவதால் அவை பூட்டிக்கொள்ளும். 50 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்கச் சுமார் 14 மீட்டர் போதும். இறுகிய பனியில் 50, ஐஸில் 100 மீட்டர் வரை போகும். கிளம்பும்போது இரண்டாம் கியர், மெல்லிய ஆக்சிலரேட்டர். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் உடனே காலை எடுங்கள், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் பனி உருகி ஐஸாக மெருகேறும். ஆழப் பனியில் புதைந்தால், சக்கரம் வெறுமனே சுற்றாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலைத் தற்காலிகமாக அணைத்து, இழுக்கும் சக்கரத்தின் முன் பிடிப்புப் பலகையை நன்றாகச் செருகுங்கள். அப்போது வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, பலகை சக்கரத்தில் சிக்கிப் பின்னால் பறந்து வரும்.